முப்பத்தேழாம் பக்கம்

ஜனவரி 3, வியாழன்

ஆவாரங்குளம் கிளை நூலகத்தில் இன்று பொறுப்பேற்றேன். வருகைப் பதிவேட்டில் ‘இ. செண்பகவல்லி, மூன்றாம் நிலை நூலகர்’ என்று எழுதும்போது பேனா கசிந்து ஒரு பொட்டு மை விழுந்தது. முதல் நாளே பதிவேடு அழுக்கானதில் மகா எரிச்சல்.

ஆனால் இந்த இடம் இருக்கிற இருப்புக்கு ஒரு பொட்டு மையெல்லாம் கணக்கே இல்லை. பதினோராயிரம் புத்தகங்கள். அதில் தன் எண்ணுக்குரிய இடத்தில் இருப்பது நூறு தேறுமா என்பது சந்தேகம். ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. திருப்பித் தரும் புத்தகங்களை வாசகர்கள் அதில் குவிக்கிறார்கள். எடுக்க வருகிறவர்களும் அந்தக் குவியலையே கிளறி எடுத்துப் போகிறார்கள். அலமாரிப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. ஓய்வு பெற்றுப் போன நூலகர் இருபத்தோரு வருடம் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாவியைக் கொடுக்கும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மேஜையின் ஒரு கால் ஆடும், அட்டையை மடித்து வைக்க வேண்டும்.

இழுப்பறையில் ஒரு சுற்றறிக்கை, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை நாளொன்றுக்குச் சராசரி நாற்பது புத்தகமாவது வழங்காத கிளைகள் நகர நூலகத்தோடு இணைக்கப்படுமாம். நகர நூலகம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. இங்கே டிசம்பர் சராசரி நாற்பத்து மூன்று. நூலக அறிவியலில் முதல் வகுப்பில் தேறியவள் நான். என் கைக்கு வந்த முதல் நூலகத்தை மூட விடமாட்டேன்.

வழங்கல்: 44.

ஜனவரி 5, சனி

கதவைத் திறந்ததும் முதல் ஆளாக ஓர் அம்மாள் வந்தார். பேச்சித்தாய் என்று பெயர், மேலத்தெரு. நாற்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலைப்பைக்கூடப் பார்க்காமல், ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து மூடினார். இருபது புத்தகங்கள் அப்படிப் போயின. ஐந்தே நிமிடத்தில் நான்கு புத்தகங்களோடு என் முன்னால் நின்றார். கத்தரிக்காயைக்கூட ஜனங்கள் இதைவிட நிதானமாகப் பொறுக்குவார்கள்.

இப்படி அள்ளிக்கொண்டு போனால் பிடிக்காமல் போகாதா என்று கேட்டேன். பிடிக்கும் மேடம் என்று சிரித்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பேனாவை எப்படியோ இடுக்கிக்கொண்டு, தாளில் படுகிறதா இல்லையா என்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார்.

வழங்கல்: 47.

ஜனவரி 7, திங்கள்

மேஜையைக் காலி செய்து எல்லாவற்றையும் எண் வரிசையில் அலமாரியில் அடுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன், புத்தகங்களுக்குள் பென்சில் கிறுக்கல். ஒன்றில் இரண்டில் அல்ல, கைபட்டுப் புழங்குகிற அத்தனையிலும். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பொட்டு. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு சின்ன மீன். முப்பத்தேழாம் பக்கத்தில் நிற்கிற கோடு, சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு, அபூர்வமாக மூன்று, சிலதில் பெருக்கல் குறி. ஒரு நாவலில் பதினாறு குறிகள் எண்ணினேன். பள்ளிக்கூடப் பயல்களின் வேலையாக இருக்கும்.

வரும் வழியில் இரண்டு டஜன் அழிரப்பர் வாங்கினேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, நாளைக்குப் பதிய வேண்டும்.

ஜனவரி 11, வெள்ளி

வார விடுமுறை. ஆனாலும் நூலகத்தைத் திறந்து, இவரையும் இழுத்துக்கொண்டு போய், நாள் முழுக்க அழித்தோம். என் கணவர் ஐயப்பன், பால் சங்கத்தில் எழுத்தர். அழுக்கான பதிவேட்டின் அருமை தெரிந்தவர் என்று நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். கிறுக்குகிறவன் கண்ட பக்கத்தில் கிறுக்குவான், இந்த மீன் மட்டும் ஏன் எப்போதும் ஐம்பத்திரண்டிலேயே நீந்துகிறது என்று கேட்டார். துருவிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது என்றேன்.

“சரி, இவ்வளவு புஸ்தகம் அழிச்சியே, இதுல எதையாவது நீ படிச்சிருக்கியா?” என்றார். நூலகருக்கு வேலை புத்தகத்தைப் பராமரிப்பது. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் யார் பராமரிப்பது? மொத்தம் இருநூற்றுப் பத்து அழித்தோம்.

ஜனவரி 16, புதன்

பொங்கல் முடிந்தது. கரும்பு கடித்து ஈறு வலிக்கிறது.

ஜனவரி 29, செவ்வாய்

நூலக ஆய்வாளர் வந்தார். இன்றைய நாளை நான் மறக்க மாட்டேன்.

இதுவரை இரண்டாயிரத்து நானூறு புத்தகங்களைச் சுத்தமாக்கி, வகைக்கு ஒரு வண்ணத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். குடும்ப நாவல் மஞ்சள், துப்பறிவது சிவப்பு, வரலாறு பச்சை. வாசலில் விளக்க அட்டவணை. ஆய்வாளர் தன் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். தூய்மை, வகைப்பாடு, பதிவேடு, அடுக்கு. ஏதாவது ஒரு புத்தகத்தை உருவிப் புரட்டி, கிறுக்கலே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. மாவட்டத்தில் எந்தக் கிளைக்கும் இதுவரை தொண்ணூறு போட்டதில்லையாம்.

அவர் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள். முகூர்த்த நாள்.

வழங்கல்: 36.

ஜனவரி 31, வியாழன்

மாதச் சராசரி நாற்பத்தொன்று. பொங்கல் விடுமுறை இழுத்துவிட்டது. பிப்ரவரியில் ஏறிவிடும்.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஒரு விசித்திரம். புத்தகம் எடுத்துப் போனவர்கள் மறுநாளே திரும்பக் கொண்டுவருகிறார்கள். தபால்காரர் ஞானதிரவியம் நேற்று எடுத்ததை இன்று வைத்துவிட்டு, இது முன்னமே படித்தது மேடம் என்று சொன்னார். எடுக்கும்போது தெரியாதா என்றேன். எல்லாக் குடும்ப நாவலுக்கும் நூலகத்தில் ஒரே தவிட்டு நிற அட்டை, பெயரும் ஒன்றுபோலவே இருக்கிறது, எப்படித் தெரியும் என்றார். நினைவாற்றல் குறைவு. வயது ஐம்பத்தெட்டு.

பேச்சித்தாய் முன்போல அள்ளவில்லை. மஞ்சள் அலமாரியின் முன் முக்கால் மணி நேரம் நின்றார். நின்று நிதானமாகப் பார்க்கிறாரே என்று எனக்குத் திருப்தி. கடைசியில் ஒரே ஒரு புத்தகத்தோடு வந்தார்.

“மேடம், உள்ள கோடு போட்டிருந்துதே, அதெல்லாம் எங்க போச்சு?”

எல்லாவற்றையும் நானே கைவலிக்க அழித்துவிட்டேன், இனிமேல் ஒரு புள்ளிகூட இருக்காது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த புத்தகத்தை இன்னொரு முறை பிரித்து மூடினார். நல்லா சுத்தமாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டுகிற முதல் வாசகர்.

வழங்கல்: 34.

பிப்ரவரி 14, வியாழன்

ஜன்னல் பக்கம் மூன்று பேர் நின்றுகொண்டு புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்து வெயிலில் பார்த்தார்கள். பூச்சி அரித்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தால், என்னைக் கண்டதும் மூடிவிட்டார்கள். மறுபடி கிறுக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயம் வந்துவிட்டது. ‘புத்தகத்தில் எழுதுவோர் அட்டை ரத்து செய்யப்படும்’ என்று எழுதி ஜன்னலுக்கு மேலே ஒட்டினேன். மேஜையையும் இழுத்துப் போய் பின்னறையில் போட்டேன். உண்மையிலேயே கால் ஆடுகிறது.

வழங்கல்: 31.

பிப்ரவரி 19, செவ்வாய்

பேச்சித்தாய் இரண்டு புத்தகம் எடுத்தார். வலது கை மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது, விரல்கள் வீங்கியிருந்தன. என்ன ஆயிற்று என்றேன். பீடி சுத்துதேன் மேடம் என்றார். மேலத்தெருவில் எல்லாரும் எப்போதும் சுற்றுவதுதானே என்று கேட்க வந்தது. அதற்குள் போன் அடித்தது.

பிப்ரவரி 28, வியாழன்

மாதச் சராசரி முப்பத்து மூன்று.

ஒரு மணி நேரம் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டலைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். அலமாரிகள் கண்ணுக்குக் குளுமையாக இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, பச்சை. தூசி இல்லை. ஒரு குறை சொல்ல முடியாது. ஆள்தான் இல்லை.

வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு நான்காக எடுத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் ஒன்பது நாளாக வரவில்லை. நாளை விடுமுறை, நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். அக்கறை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எண்ணிக்கைக்காகத்தான் போகிறேன்.

மார்ச் 1, வெள்ளி

மேலத்தெருவில் பேச்சித்தாய் வீடு எது என்று கேட்டேன். இசக்கியம்மாள் வீட்டில் இருப்பாள் என்று கைகாட்டினார்கள். அந்த முன்னறையில் ஒன்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மடியில் தட்டு, இலை, தூள், நூல். நடுவில் ஒரு செம்பில் சாய்த்து வைத்த போனில் ஓடிய சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் சுவரோரம், இலையை மடிக்க முடியாமல் இடது கையால் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் ஒரு கட்டு முடிக்கிற நேரத்தில் அவர் நான்கு பீடி சுற்றியிருப்பார்.

என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். புத்தகம் தாமதமாகிவிட்டதோ என்று பயம். இல்லை, சும்மா வந்தேன் என்றேன். காப்பி வந்தது. பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது, அதையும் இசக்கியம்மாள்தான் சொன்னார்.

“மில் மிஷின்ல கை மாட்டின பெறகு இவளால பீடி சுத்த முடியாது மேடம். அதனால இவ கதை வாசிப்பா, நாங்க எட்டுப் பேரும் ஆளுக்கு மூணு கட்டு இவ பேர்ல சுத்திப் போடுவோம். பதினாலு வருசமா அப்படித்தான் ஓடுது. யாரும் யாருக்கும் சொல்லி வச்சதில்ல, அதுபாட்டுக்கு அப்படி ஆயிட்டு.”

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு பேச்சித்தாய் கொண்டுவந்ததெல்லாம் ஏற்கெனவே வாசித்ததாக இருந்ததாம். பத்துப் பக்கம் போவதற்குள், இது கிணற்றில் விழுந்தவள் கதையல்லவா என்று யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாளாம். தப்பித்தவறி வாசிக்காதது வந்தால், அது யாருக்கும் பிடிக்காமல் போனதாம். சின்னவள்கள் போனை எடுத்துக்கொண்டார்கள். கதை இல்லாமல் கட்டு மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று பேச்சித்தாய் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கோடுகளைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“ஒரு கோடு போட்டா வாசிச்சாச்சுன்னு அர்த்தம் மேடம். ரெண்டுன்னா இவளுகளுக்குப் பிடிச்சுது. மூணுன்னா ஒரு வருசம் கழிச்சு இன்னொருக்க வாசிக்கச் சொல்லிருக்காளுக. பெருக்கல்னா பாதியில நிறுத்தினது. முப்பத்தேழு எங்க வீட்டு நம்பர், மறக்காதுல்லா.”

மற்றவர்களின் குறிகளும் அவருக்கு அத்துபடி. யார் என்று தெரியாது, ஆனால் மீன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், பொட்டு வைத்தது ஒரே வெட்டு குத்து, ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் இத்தனையும் பார்த்திருக்கிறார். கத்தரிக்காய் என்று நான் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க அவ்வளவு சந்தோசமா சொன்னீயளே மேடம்” என்றார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பெண்ணின் பதினாலு வருடப் பிழைப்பை, இரண்டு டஜன் அழிரப்பரால், விடுமுறை நாளிலும் உட்கார்ந்து அழித்திருக்கிறேன். அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வாங்கியிருக்கிறேன்.

இரவுக்கு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்தார்.

மார்ச் 2, சனி

அழுதுகொண்டிருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு திட்டம் போட்டேன். ‘வாசகர் கருத்துப் பதிவேடு.’ பெயர், உறுப்பினர் எண், நூலின் பெயர், பிடித்ததா இல்லையா, ஏன். கிறுக்கலைவிட எவ்வளவோ தெளிவு. யார் வேண்டுமானாலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோடு போட்டு, தலைப்பு எழுதி, நூலில் பேனா கட்டித் தொங்கவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

பதிவேட்டில் இதுவரை ஒரே ஒரு பதிவு. ‘அனைத்து நூல்களும் அருமை’ என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியிருக்கிறார். அவர் செய்தித்தாள் மட்டும்தான் படிப்பார்.

மார்ச் 6, புதன்

ஞானதிரவியத்திடம் பதிவேட்டை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பேர் போட்டா பொய்தான் எழுதணும் மேடம்” என்றார். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, தான் படிப்பது காதல் கதை என்றும், மருமகளும் இங்கே உறுப்பினர் என்றும் சொன்னார்.

பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னை ஜன்னலருகே கூப்பிட்டார். ஐம்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்து வெயிலுக்குச் சாய்த்தார். பென்சில் போயிருந்தது. ஆனால் தாளில் அழுந்திய தடம் இருந்தது. ஒரு சின்ன மீன். மூன்று நகல் விழ வேண்டும் என்று ரசீதில் அழுத்தி எழுதிப் பழகிய கை, அதனால் தன்னுடையது போகவில்லை என்றார். மற்றவர்களும் இப்படித்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம், நான் ஜன்னலில் அறிவிப்பு ஒட்டிய பிறகு கூச்சப்பட்டு வருவதில்லையாம்.

எனக்கு முதலில் தோன்றியது, மீன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று மேலத்தெருவில் ஒருவர் சொல்கிறார் என்று ஞானதிரவியத்திடம் சொல்ல வேண்டும் என்பது. இவர் தினமும் அந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுபோகிறார். இத்தனை வருடமாக ஒருவர் பின்னால் ஒருவர் வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், இருவருக்கும் தெரியாது. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குச் சொல்ல உரிமை இல்லாத விஷயம் என்று பட்டது.

அவர் போனதும் முப்பத்தேழாம் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். ஐம்பது புத்தகம் பார்த்திருப்பேன். ஒரு தடமும் இல்லை. மடங்காத விரலால் எப்படி அழுத்தியிருப்பார்?

மார்ச் 7, வியாழன்

அறிவிப்பைக் கிழித்தேன். கருத்துப் பதிவேட்டைக் கழற்றினேன். மேஜையை ஜன்னலோரம் திரும்பப் போட்டு, ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். அந்தப் பழைய நூலகர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பேச்சித்தாயிடம் போய், உங்கள் கோடுகளை நானே திரும்பப் போட்டுத் தருகிறேன், எது எதற்கு எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டார். எல்லாம் ஞாபகம் இருந்தால் கோடு எதற்கு மேடம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பீடிக்கடை லீவு, அன்றைக்கு எல்லாரும் வருகிறோம் என்று இசக்கியம்மாள் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை. நான் திட்டம் எதுவும் போடாமல் இருந்தால் போதும் என்று இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

ஒன்பது பேரும் வந்தார்கள். எட்டுப் பேருக்கு இதுதான் நூலகத்துக்குள் முதல் நுழைவு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்தார்கள். அதெல்லாம் முதல் பத்து நிமிடம்தான்.

மஞ்சள் அலமாரிப் புத்தகங்களை மேஜையில் குவித்தோம். பேச்சித்தாய் ஒவ்வொன்றாகப் பிரித்து முதல் நாலு வரியைச் சத்தமாக வாசித்தார். அவர் வாசித்து இன்றுதான் கேட்கிறேன். குரலை உயர்த்துவதில்லை, நடிப்பதில்லை. ஆனால் நாலாவது வரியில் நிறுத்தும்போது ஐந்தாவது வரி வேண்டும் என்றிருக்கிறது. நிறுத்தியதும் எட்டுப் பேரிடமிருந்தும் தீர்ப்பு வரும். வாசித்தது. வாசிக்காதது. ஏளா, இது அந்தப் பாவி மாப்பிள்ளை கதை, இதுக்கு மூணு போடு. இது ரேஷன் கார்டு தொலைந்தவன் கதை, வேண்டாம், பெருக்கல். ஒரே ஒரு புத்தகத்துக்கு இசக்கியம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் சண்டை வந்து, கடைசியில் இரண்டரைக் கோடு போட்டார்கள்.

பேச்சித்தாய் சொல்ல, நான் பென்சிலை எடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். “நீங்க போட்டா அது உங்க குறி மேடம். நானே போட்டுக்கிடுதேன்” என்றார். வீங்கின விரலோடு நூற்று முப்பது புத்தகங்களுக்குப் போட்டார். லேசாக, தாளில் படுகிறதா இல்லையா என்கிற மாதிரி.

செய்தித்தாள் படிக்க வந்த தலைமையாசிரியர் இது என்ன சந்தையா என்று என்னைக் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

போகும்போது நாலு புத்தகங்கள். பதிவேட்டில் ‘பேச்சித்தாய், 4’ என்றுதான் எழுத முடியும். ஒன்பது பேர் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

வழங்கல்: 45.

மார்ச் 20, புதன்

மேலத்தெரு வழியாக வந்தேன். இசக்கியம்மாள் வீட்டு ஜன்னலில் பேச்சித்தாய் குரல் கேட்டது. போன் சத்தம் இல்லை. மணிக்கட்டில் துணி இல்லை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், கதையில் கல்யாணம் நிற்கப் போகிறது போலிருக்கிறது.

வழங்கல்: 49.

மார்ச் 31, ஞாயிறு

காலாண்டு முடிந்தது. மார்ச் கடைசியில் ஏறியும் மொத்தச் சராசரி முப்பத்தெட்டுதான். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, பதிவேட்டில் நாளுக்கு இரண்டு கூட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று இவர் கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டிப் போடவில்லை. முப்பத்தெட்டு என்றே அனுப்பினேன்.

ஏப்ரல் 11, வியாழன்

பதில் வந்தது. ஞானதிரவியம்தான் கொண்டுவந்தார். உறையைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

இணைப்பு இல்லை. வழங்கல் நாற்பதுக்குக் குறைந்தாலும், ஆய்வு மதிப்பெண் தொண்ணூறுக்கு மேல் பெற்ற கிளைகளுக்கு விலக்கு அளிக்கப்படுகிறதாம். அப்படிப்பட்ட கிளை மாவட்டத்திலேயே ஒன்றுதான். ஞானதிரவியத்திடம் மூடவில்லை என்றேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளை விரட்டிய வேலைக்குக் கிடைத்த மதிப்பெண், ஆள் இல்லாத குற்றத்திலிருந்து காப்பாற்றிவிட்டது.

இரண்டாவது பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆவாரங்குளம் கிளையை முன்மாதிரியாகக் கொண்டு, மாவட்டத்தின் எல்லாக் கிளைகளிலும் நூல்களில் உள்ள பென்சில் குறிகளை மே மாத இறுதிக்குள் அழிக்க வேண்டும். இருபதாம் தேதி நான் போய் எல்லா நூலகர்களுக்கும் செய்முறை விளக்கம் அளிக்க வேண்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலையிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன். பேசாமல் இருந்தால் நூலகம் தப்பிக்கும். பேச்சித்தாயின் குரல் தப்பிக்கும். ஆனால் மற்ற ஊர்களிலும் யாரோ ஒருவருக்கு ஒரு முப்பத்தேழாம் பக்கம் இருக்கும். அது எந்தப் பக்கம், எதற்காக என்று எனக்குத் தெரியாது. அழிரப்பரை எடுக்கப் போகிற நூலகருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாமல் இருந்தது.

கடைசியில் ஒரு பக்கக் கடிதம். பெயர் எதுவும் சொல்லவில்லை. குறிகளை நான் அழித்தது தவறு, அதன் பிறகே வழங்கல் குறைந்தது, அவை திரும்ப வந்ததும் உயர்ந்தது, எண்கள் இணைப்பில் உள்ளன, செய்முறை விளக்கம் அளிக்க என்னால் இயலாது, என் கிளைக்கு அளித்த மதிப்பெண் அந்தத் தவறுக்கு அளித்தது. கடைசி வாக்கியத்தை அனுப்ப வேண்டுமா என்று இவர் கேட்டார். விலக்கை ரத்து செய்துவிடுவார்களே என்றார். தெரியும் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

கடிதத்தை ஞானதிரவியத்திடமே கொடுத்தேன். முகவரியைப் படித்தார். நல்லதுதானே மேடம் என்றார். தெரியவில்லை என்றேன். பையில் தனியாக வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 18, வியாழன்

ஆய்வாளர் போனில் பேசினார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். படிவத்தில் இருக்கிற கட்டங்களைத்தானே நான் நிரப்ப முடியும் என்றார். உண்மைதான், என்னுடைய பதிவேட்டிலும் கட்டம் போதவில்லை சார் என்றேன். இருபதாம் தேதி நிகழ்ச்சி ரத்து. அழிக்கும் உத்தரவு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைப்பு. எங்கள் விலக்கும் மறுபரிசீலனையில். அடுத்த காலாண்டு எண்ணிக்கையைப் பார்ப்பார்களாம்.

வழங்கல்: 51.

ஏப்ரல் 20, சனி

செய்முறை விளக்கம் அளித்திருக்க வேண்டிய நாள். மேஜையருகே கூட்டம். யாரையும் நான் கவனிக்கவில்லை, கவனிக்காமல் இருப்பதும் ஒரு வேலை என்று பழகிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாரும் போனதும் மேஜைக்குப் போனேன். தவிட்டு அட்டை நாவல்கள் ஒவ்வொன்றிலும் முப்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து மூடினேன். பன்னிரண்டாவது புத்தகத்தில் மூன்று கோடுகள், ஐம்பத்திரண்டில் மீனும் இருந்தது. எனக்கு ஓர் உறுப்பினர் அட்டை எழுதி, என் பெயரில் அதைப் பதிந்தேன்.

வழங்கல்: 53. அதில் ஒன்று எனக்கு.

ஏப்ரல் 23, செவ்வாய்

படித்து முடித்தேன். கல்லூரிக்குப் பிறகு முழுதாகப் படித்த முதல் புத்தகம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அழுதுவிட்டேன். இவர் சாம்பாருக்கு வெங்காயம் உரித்ததால் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் திருப்பி வைப்பதற்கு முன் பென்சிலைச் சீவி, என் குறியைப் போட்டேன். என்ன குறி, எந்தப் பக்கம் என்று இங்கே எழுத மாட்டேன்.